மத்திக்காக நீதிமன்றம் போன மருத்துவமனை

ஞாயிறு, புளூபெர்க் கடற்கரை

கேப் டவுன் பற்றிய அஞ்சலட்டைகளில் பாதிப் படம் இங்கிருந்து எடுத்ததாகத்தான் இருக்கும். விரிகுடாவுக்கு அந்தப் பக்கம் மேசை மலை, மலைக்கு மேல் வெள்ளை மேகம், காலடியில் அலை. வந்தவர்கள் எல்லோரும் மலையைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நான் கப்பல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். துறைமுகத்தில் இடம் கிடைக்கும்வரை நங்கூரமிட்டு நிற்பவை சில; நிற்காமல் தொலைவில் தெற்கே போய்க்கொண்டிருந்தவை சில. நான் பார்க்க வந்த இடம் அந்தக் கப்பல்களால் உண்டானது. கடற்பறவைகளுக்கான மருத்துவமனை அது. பெயர் சான்காப்.

அதன் கதை எகிப்தில் தொடங்குகிறது. 1967 ஜூனில் அரபு-இஸ்ரேல் போர் ஆறு நாட்களில் முடிந்தது. ஆனால் சூயஸ் கால்வாய் மூடியது மூடியதுதான், 1975 வரை திறக்கவில்லை. வளைகுடாவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போகும் எண்ணெயில் பெரும்பகுதி ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு வர வேண்டியதாயிற்று. இங்குள்ள நிலமுனைக்குப் போர்த்துகீசிய மாலுமிகள் முதலில் வைத்த பெயரே புயல்முனை. பெரிய பெரிய டாங்கர்கள் வரிசையாக இந்த முனையைச் சுற்றினால் என்ன ஆகும் என்று ஊகிக்கச் சோதிடர் தேவையில்லை. 1968 ஏப்ரலில் 'எஸ்ஸோ எஸன்' என்ற டாங்கரிலிருந்து எண்ணெய் கொட்டியது. கரையெங்கும் கறுப்பு பூசிய பென்குயின்கள் ஏறி நின்றன.

அவற்றை என்ன செய்வதென்று அப்போது யாருக்கும் தெரியாது. ஆல்தியா வெஸ்ட்ஃபால் என்ற கேப் டவுன் பெண்மணி சுமார் அறுபது பென்குயின்களைத் தம் வீட்டுக்கே கொண்டுபோய்விட்டார். ஒரு பென்குயினை வீட்டில் வைத்திருப்பதே எப்படியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மூன்று கிலோ எடை, கத்தியைப் போன்ற அலகு, மீன் நாற்றம், நாள் முழுக்கக் கழிவு, கழுதையின் குரல். அதை அறுபதால் பெருக்க வேண்டும். அந்த ஆண்டே அவர் தொடங்கிய அமைப்புதான் இன்றுவரை நடக்கிறது.

எண்ணெய்க் கசிவு இந்தக் கரைக்கு இன்னும் பழங்கதை ஆகவில்லை. 'செலி 1' என்ற துருக்கிச் சரக்குக் கப்பல் 2009 செப்டம்பரில் இதே புளூபெர்க்கில் தரைதட்டியது. அதை அப்படியே விட்டுவைத்திருந்தார்கள். 2012இல் அதிலிருந்து எண்ணெய் கசிந்து, எதிரே தெரியும் ராபன் தீவின் பென்குயின்கள் மேல் பூசியது. அவை போன இடம் இங்கிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் மருத்துவமனை. நாளை அங்கேதான் போகிறேன்.

திங்கள், டேபிள் வியூ

நகர மையத்திலிருந்து மைசிட்டி பஸ். தனித்தடத்தில் ஓடுவதால் நெரிசலில் சிக்கவில்லை. ரீட்வ்லே சதுப்புநிலத்தின் ஓரத்தில் இருக்கிறது மருத்துவமனை. பெயர்ப்பலகையைத் தேட வேண்டிய அவசியமே இல்லை. காசிமேட்டில் பாதி வாழ்நாளைக் கழித்த மூக்கு எனக்கு. மீன் வாடையைப் பிடித்துக்கொண்டே போய்விட்டேன்.

நுழையும்போதே கிருமிநாசினித் தட்டில் செருப்பை நனைத்துவிட்டுத்தான் போக வேண்டும். பறவைக் காய்ச்சல் இந்தக் கரையில் பலமுறை வந்துவிட்டது. 2021இல் கேப் நீர்க்காகங்கள் ஆயிரக்கணக்கில் செத்துக் கரையொதுங்கின. ஆகவே பார்வையாளர்கள் பறவைகளை நெருங்கித் தொட முடியாது. எங்களைச் சுற்றிக்காட்டிய இளம்பெண் முதலில் சொன்னதே அதுதான்: "கைகளைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அவை உங்கள் நண்பர்கள் அல்ல, அவற்றுக்கு உங்களைப் பிடிக்காது." அவருடைய முன்கையில் பழைய தழும்புகள் வரிசையாக இருந்தன.

முதலில் பார்த்தது சமையலறை. மத்தி மீன். நம் ஊரில் சாளை என்றும் சொல்வோமே, அதன் உறவுக்கார மீன். உறைந்த கட்டியிலிருந்து இளக வைத்து, அளவு பார்த்துப் பிரித்து, நைந்ததையும் வயிறு கிழிந்ததையும் ஒதுக்கிக்கொண்டிருந்தார்கள். சில மீன்களின் செவுளைத் தூக்கி உள்ளே ஒரு வைட்டமின் மாத்திரையைச் செருகினார்கள். உறைந்த மீனில் சத்து குறைந்துவிடும், அதை ஈடுகட்ட.

அடுத்து தீனி கொடுப்பதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தோம். ரப்பர் கால்சட்டை அணிந்த ஒரு பையன் தாழ்ந்த இருக்கையில் அமர்ந்து, பென்குயின் குஞ்சு ஒன்றை இரு முழங்கால்களுக்கு இடையே இடுக்கிக்கொண்டான். இடக்கையால் தலையைப் பின்பக்கமாகப் பிடித்து, விரலை அலகின் ஓரத்தில் நுழைத்துத் திறந்தான். மீனை ஒருமுறை தண்ணீரில் முக்கி எடுத்து, தலை முன்னே போகும்படி தொண்டைக்குள் விட்டான். வால் முன்னே போனால் துடுப்பும் செதிலும் தொண்டையைக் கிழிக்கும். கடலில் ஓடும் மீனைத் துரத்திப் பிடிக்கிற பறவைக்குத் தட்டில் கிடக்கும் மீன் உணவாகவே தெரியாது. அதனால் முதல் நாட்களில் இப்படித்தான் ஒவ்வொன்றாக ஊட்ட வேண்டும். அந்தக் குஞ்சு இரண்டு மீனை விழுங்கிவிட்டு மூன்றாவதைத் தலையை உதறி அவன் முகத்திலேயே அடித்தது. அவன் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. அதே மீனைத் திரும்ப முக்கி எடுத்தான்.

தரை முழுக்க ஓட்டைகள் கொண்ட ரப்பர் விரிப்பு. சிமென்ட் தரையில் நாள்கணக்கில் நின்றால் பென்குயினுக்குப் பாதத்தில் புண் வந்து, கிருமி எலும்புவரை போய்விடும். காற்றோட்டம் குறைந்தால் நுரையீரலில் பூஞ்சை பிடிக்கும். கொசு கடித்தால் பறவைகளுக்கான மலேரியா வரும். எண்ணெயைக் கழுவுவது கூடப் பெரிய வேலை இல்லை. கழுவிய பறவை கட்டடத்துக்குள் நோய் வந்து சாகாமல் பார்ப்பதுதான் பாடு என்று புரிந்தது.

கழுவும் தொட்டியையும் காட்டினார்கள், அப்போது காலியாக இருந்தது. எண்ணெய் ஏன் கொல்கிறது என்பதை இங்கே நன்றாக விளக்கினார்கள். பென்குயினின் இறகுகள் ஒன்றோடொன்று கொக்கி போட்டுக்கொண்டு தண்ணீர் புகாத உறையாக இருக்கின்றன. ஒரு சிறிய எண்ணெய்த் திட்டு போதும், அந்த இடத்தில் கொக்கி விட்டுப்போகும். பெங்குவேலா நீரோட்டத்தின் குளிர்ந்த நீர் நேராகத் தோலைத் தொடும். பறவை நடுங்கிக்கொண்டு கரையேறும். கரையில் மீன் கிடையாது. நிற்கிற நேரத்தில் அலகால் இறகைக் கோதிக் கோதி எண்ணெயை விழுங்கிக் குடலைப் புண்ணாக்கிக்கொள்ளும்.

வந்தவுடன் கழுவிவிட மாட்டார்கள். அதைக் கேட்டதும் எங்கள் கூட்டத்தில் பலர் வியந்தார்கள். பட்டினியும் நீரிழப்புமாக வந்த பறவையைத் தொட்டியில் போட்டு முக்கால் மணி நேரம் தேய்த்தால் அந்த அதிர்ச்சியிலேயே செத்துவிடும். ஆகவே முதலில் கண்ணைக் கழுவி, குழாய் வழியாக உப்பு-சர்க்கரைத் திரவம் கொடுத்து, வயிற்றில் போன எண்ணெயை உறிஞ்சக் கரித்தூள் கொடுத்து, இரத்தம் எடுத்துப் பார்த்து, எழுந்து நிற்கும் தெம்பு வந்த பிறகே தொட்டி. வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் தேய்க்கும் சோப்புத் திரவம், ஒருவர் பிடிக்க ஒருவர் தேய்க்க. தலைக்கும் கண்ணோரத்துக்கும் பல் துலக்கும் பிரஷ். தேய்ப்பதைவிட அலசுவதற்குத்தான் நேரம் அதிகம், ஏனென்றால் சோப்பு மிச்சமிருந்தாலும் தண்ணீர் உள்ளே புகும். பின் சூடு தரும் விளக்கின் கீழ் உலர வைத்து, தினமும் குளத்தில் நீந்தவிட்டு, பறவையே கோதிக் கோதி இறகை ஒழுங்குசெய்ய விட வேண்டும். நீரிலிருந்து வெளியே வரும்போது உள்ளிறகு ஈரமாக இருந்தால் அது தேறவில்லை.

2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியபோது, மார்பு முழுக்கக் கறுத்த கூழைக்கடாக்களைப் பார்த்தவன் நான். படகில் நின்று அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்த மீனவர்களும் கறுத்துப்போயிருந்தார்கள். கொசஸ்தலை ஆற்றின் மருங்கில் இப்படி ஒரு தொட்டி இருந்திருந்தால் என்று இங்கே நின்றபோது தோன்றியது. அதைக் கட்ட ஒரு கட்டடமும் சில பம்புகளும் போதும். ஆனால் பயிற்சி பெற்ற ஆட்களை விபத்து நடந்த அன்று திரட்ட முடியாது. இவர்களுக்கு ஐம்பது ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது.

காலியான தொட்டியைக் கடந்து, பக்கத்தில் நிரம்பி வழிந்த குஞ்சுகளின் பகுதிக்கு வந்தபோதுதான் எனக்கு உண்மையான கேள்வி எழுந்தது. இந்தக் குஞ்சுகளின் மேல் ஒரு சொட்டு எண்ணெய்கூட இல்லை. எல்லாம் எலும்பும் தோலுமாக இருந்தன. ஏன் என்று கேட்டேன். "பெற்றோர் விட்டுவிட்டுப் போய்விட்டன" என்றார் அந்தப் பெண். அதைப் பற்றி வெள்ளிக்கிழமை எழுதுகிறேன். முதலில் எண்ணெய்க் கதையை முடித்துவிடுகிறேன்.

செவ்வாய், சால்ட் ரிவர்

இன்று பார்க்க எதுவும் இல்லாத இடத்துக்குப் போனேன். சால்ட் ரிவர் ஒரு பழைய ரயில்வே வட்டாரம். செங்கல் சுவர்கள், துருப்பிடித்த தண்டவாளங்கள், மோட்டார் பட்டறைகள். 2000ஆம் ஆண்டு குளிர்காலத்தில் இங்கே ரயில் பெட்டிகள் பழுதுபார்க்கும் ஒரு கொட்டகைக்குள் பென்குயின்கள் ஆயிரமாயிரமாக நின்றன.

அதற்கு ஆறாண்டுக்கு முன்பிருந்து சொல்ல வேண்டும். 1994 ஜூன் 20 அன்று 'அப்பல்லோ சீ' என்ற இரும்புத்தாதுக் கப்பல், கேப் டவுனுக்கு வடக்கே உள்ள டாசன் தீவுக்கு அருகே மூழ்கியது. அதில் இருந்த 36 மாலுமிகளும் இறந்தார்கள். பறவைகளைப் பற்றி எழுதுகிறவர்கள் பலர் இந்த எண்ணைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு மனம் வரவில்லை. அதன் எரிபொருள் எண்ணெய் சுமார் 10,000 பென்குயின்கள் மேல் பட்டது. அவற்றில் பாதிதான் பிழைத்தன. கழுவும் தொட்டிக்கு வருமுன்பே, லாரிகளில் அடைத்துக் கொண்டுவந்த வழியிலேயே பல செத்துப்போயின. கூட்டத்தில் உடல் சூடேறி, மூச்சு முட்டி. குளிரில் நடுங்குகிற பறவை சூட்டில் சாகும் என்று யார் நினைத்திருப்பார்கள்? அதன் பிறகு காற்றுத் துளைகள் வைத்த அட்டைப்பெட்டிகளில் சிலவாகப் பிரித்து ஏற்றும் முறை வந்தது.

2000 ஜூன் 23. 'டிரெஷர்' என்ற இன்னொரு இரும்புத்தாதுக் கப்பல், பிரேசிலிலிருந்து சீனா போகிற வழியில் உடல் ஓட்டையாகி, ராபன் தீவுக்கும் டாசன் தீவுக்கும் நடுவே மூழ்கியது. சுமார் 1,300 டன் எண்ணெய். பென்குயின்கள் அதிகம் வாழும் தீவுகளில் இரண்டு இவை. மாதமோ இனப்பெருக்க காலம். இதைவிடக் கெட்ட இடத்தையும் கெட்ட நேரத்தையும் தேடிப் பிடிக்க முடியாது.

எண்ணெய் பட்ட பென்குயின்கள் ஏறத்தாழ 19,000. டேபிள் வியூவில் இருந்த மருத்துவமனை சில நாட்களிலேயே நிரம்பிவிட, இந்த ரயில் கொட்டகையை எடுத்துக்கொண்டார்கள். தற்காலிகத் தொட்டிகளை வரிசையாகப் போட்டு, வட்ட வட்டமாக வேலி கட்டி, ஒவ்வொன்றிலும் நூறு பறவைகள் என்று வைத்தார்கள். உலகின் பல நாடுகளிலிருந்து விலங்கு நல அமைப்புகளும் உயிரியல் பூங்காக்களும் ஆட்களை அனுப்பின. தன்னார்வலர்கள் 12,000க்கும் மேல். பள்ளிப் பிள்ளைகள், இல்லத்தரசிகள், வங்கி ஊழியர்கள். மீன் ஊட்டத் தெரியாமல் கையைக் கொடுத்துக் கடி வாங்கியவர்கள் பாதிப்பேர் இருப்பார்கள்.

ஆனால் என்னைக் கவர்ந்தது கழுவிய கதை அல்ல, எண்ணெய் படாத பறவைகளின் கதை. தீவுகளில் இன்னும் 19,500 பென்குயின்கள் சுத்தமாக இருந்தன. அவை கடலில் இறங்கினால் எண்ணெயில்தான் இறங்கும். எத்தனை நாள் அவற்றைக் கரையில் அடைத்து மீன் போட முடியும்? யாரோ ஒருவருக்கு ஒரு யோசனை வந்தது: பென்குயின் எங்கே விட்டாலும் தன் கூட்டுக்கே நீந்தி வரும். எனவே அவற்றைப் பிடித்து லாரிகளில் ஏற்றிக் கிழக்கே சுமார் 800 கிலோமீட்டர் தூரத்தில், அப்போது போர்ட் எலிசபெத் எனப்பட்ட நகரின் அருகே கொண்டுபோய்க் கடலில் விட்டார்கள். வீடு திரும்ப அவை எடுத்துக்கொள்ளும் நாட்களுக்குள் இங்கே எண்ணெயை அகற்றிவிடலாம் என்பது கணக்கு.

மூன்று பென்குயின்களின் முதுகில் செயற்கைக்கோள் கருவி பொருத்தி, பீட்டர், பமேலா, பெர்சி என்று பெயரிட்டார்கள். அவை எங்கே வந்துகொண்டிருக்கின்றன என்று உலகம் முழுக்க இணையத்தில் பார்த்தார்கள். செய்தித்தாள்கள் வரைபடம் போட்டன. பீட்டர் முதலில் வந்து சேர்ந்தது. மூன்று வாரங்களுக்குள் பறவைகள் திரும்பத் தொடங்கிவிட்டன, கடலும் அதற்குள் தெளிந்திருந்தது. கப்பலிலிருந்து கொட்டியது எத்தனை டன் என்பதைவிட, இந்த நாள் கணக்கைப் போட்ட மூளைதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

கழுவப்பட்டவற்றில் ஏறத்தாழ 90 சதவீதம் கடலுக்குத் திரும்பின. ஆறு ஆண்டுக்கு முன் பாதி செத்த இடத்தில் இது. துடுப்பில் வளையம் மாட்டி அனுப்பிய பறவைகளைப் பிறகு ஆண்டுக்கணக்கில் கவனித்தபோது, அவை கூடு கட்டிக் குஞ்சு பொரித்ததும் தெரியவந்தது. கழுவி விடுவது வீண் வேலை, அவை எப்படியும் செத்துப்போகும் என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு அது பதில்.

பட்டறை வாசலில் நின்ற ஒருவரிடம் பென்குயின்கள் இருந்த கொட்டகை எது என்று கேட்டேன். அவருக்கு நினைவிருந்தது. "நாற்றம் ஒரு வருடம் போகவில்லை" என்றார்.

புதன்

ராபன் தீவுக்குப் படகு இல்லை. தென்கிழக்குக் காற்று. இந்த ஊர்க்காரர்கள் அதை 'கேப் டாக்டர்' என்கிறார்கள், நகரத்தின் அழுக்கைத் துடைத்துக்கொண்டு போகுமாம். டிக்கெட்டை நாளைக்கு மாற்றிக் கொடுத்தார்கள். மாலைவரை அறையில் இருந்து துணி துவைத்தேன்.

வியாழன், ராபன் தீவு

மண்டேலா அடைபட்டிருந்த சிறைக்குள் அழைத்துப்போனவர் முன்பு அங்கேயே அரசியல் கைதியாக இருந்தவர். அதைப் பற்றி எழுதுவதென்றால் தனியாக எழுத வேண்டும். இங்கே பறவைக்கு மட்டும் வருகிறேன்.

இந்தத் தீவில் பென்குயின்கள் 1800 வாக்கில் அடியோடு அழிந்துபோயின. தின்று தீர்த்துவிட்டார்கள். ஏறத்தாழ 180 ஆண்டுகள் ஒன்றுகூட இல்லை. 1983இல் ஒன்பது ஜோடிகள் தாமாகவே வந்து கூடு கட்டின. மண்டேலாவை இங்கிருந்து மாற்றிய மறு ஆண்டு அது! சிறை இன்னும் நடந்துகொண்டிருந்தது. காவல் கோபுரத்தின் கீழ், அந்நிய மரமான அகேசியா புதருக்குள் பென்குயின்கள் குடித்தனம் நடத்தின.

2021 ஜனவரியில் இதே தீவில் வேறொரு நெருக்கடி. கேப் நீர்க்காகங்கள் கூண்டோடு கூட்டை விட்டுப் போய்விட, சுமார் 2,000 குஞ்சுகள் வெயிலில் கிடந்தன. எண்ணெய் இல்லை, கப்பல் இல்லை. இரை கிடைக்காமல் பெற்றோர் போய்விட்டதாகவே கருதப்படுகிறது. பெட்டிகளில் போட்டுப் படகேற்றி டேபிள் வியூவுக்குக் கொண்டுபோனார்கள். பென்குயினுக்குப் பழகிய கைகள் இரவு பகலாக நீர்க்காகக் குஞ்சு வளர்த்தன.

வெள்ளி, சைமன்ஸ் டவுன்

போல்டர்ஸ் கடற்கரை. உருண்டைப் பாறைகள், மரப்பலகை நடைபாதை, இருபுறமும் பென்குயின்கள். 1982இல் இரண்டே ஜோடிகள் வந்தன. பிறகு ஆயிரம் ஜோடிவரை பெருகின. வீட்டுத் தோட்டங்களில் புகுந்து கூடு வைத்ததால் வேலி போட வேண்டியதாயிற்று. ஆளுக்கு ஒரு கைப்பேசியை நீட்டிக்கொண்டு நாங்கள் நின்றோம். அவை எங்களைச் சட்டை செய்யவில்லை.

கழுதைக் குரல் என்று முன்பே எழுதினேன். வாஸ்கோ ட காமாவின் பயணக் குறிப்பில், 1497இல், கோழிக்கோட்டுக்கு வரும் வழியில் இந்தக் கரையில் கழுதைபோல் கத்தும் பறக்காத பறவைகளைக் கண்டதாக வருகிறது. கண்டதோடு நிற்காமல் கொன்றும் தள்ளியிருக்கிறார்கள். அதன் பிறகு வந்த ஒவ்வொரு கப்பலும் முட்டையை எடுத்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டாசன் தீவிலிருந்து மட்டும் ஆண்டுக்குப் பல லட்சம் முட்டைகள் உணவுக்காக வந்தன. 1967இல்தான் அது தடை செய்யப்பட்டது. சூயஸ் மூடிய அதே ஆண்டு. ஒரு கேடு முடிந்த கையோடு இன்னொன்று.

முட்டையைவிட எச்சம் விளைத்த கேடு பெரிது. நூற்றாண்டுகளாகக் குவிந்த பறவை எச்சம் தீவுகளின் மேல் தடிமனான மெத்தையாகக் கிடந்தது. பென்குயின்கள் அதில் வளை தோண்டி முட்டையிட்டன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதை உரத்துக்காக வெட்டியெடுத்துக் கப்பலேற்றினார்கள். பாறை மட்டும் மிஞ்சியது. அன்றிலிருந்து பென்குயின்கள் திறந்த வெளியில் முட்டையிடுகின்றன. வெயில் கொளுத்துகிறது, கடற்காகம் தூக்கிப் போகிறது. நடைபாதையின் ஓரமாகச் செயற்கைக் கூடுகள் தெரிந்தன. முதலில் கண்ணாடியிழையில் செய்தவை உள்ளே வெந்துபோக, பிறகு வேறு வேறு பொருளில் செய்து பார்க்கிறார்கள். எச்ச மெத்தை சும்மா தந்ததை மனிதன் ஆய்வுக்கூடத்தில் செய்யப் பார்க்கிறான், இன்னும் முழுதாகக் கைகூடவில்லை.

2021 செப்டம்பரில் இங்கே ஒரே நேரத்தில் 63 பென்குயின்கள் செத்துக் கிடந்தன. உடலில் வேறு காயம் இல்லை. பிரித்துப் பார்த்தபோதுதான் தேனீக்கள் கொட்டியது தெரிந்தது, பெரும்பாலும் இறகில்லாத கண்ணோரத்தில். இப்படியும் ஒரு சாவு.

இப்போது திங்கட்கிழமை விட்ட இடத்துக்கு வருகிறேன். பெற்றோர் ஏன் குஞ்சுகளை விட்டுப் போகின்றன? பென்குயின் ஆண்டுக்கு ஒருமுறை இறகு முழுவதையும் மொத்தமாக உதிர்க்கும். புது இறகு முளைக்கும்வரை மூன்று வாரம் கரையிலேயே, பட்டினியாக. அதற்கு முன் கடலில் வயிறு நிறையத் தின்று கொழுக்க வேண்டும். கூட்டில் குஞ்சு இன்னும் சிறியதாக இருக்கும்போது இறகு உதிரும் நேரம் வந்துவிட்டால் தாய் தந்தை இரண்டும் குஞ்சை விட்டுவிடும். விடாவிட்டால் மூன்றுமே சாகும். மீன் நிறைய இருந்தால் குஞ்சு அதற்குள் பெரிதாகி இறங்கிப் போயிருக்கும். மீன் இல்லாததால் குஞ்சு தாமதமாக வளர்கிறது, ஆகவே விடப்படுகிறது. நவம்பரில் இங்கே வருகிறவர்கள் அதனால்தான் அத்தனை குஞ்சுகளைப் பார்க்கிறார்கள். 2006 முதல் இதையே ஒரு திட்டமாக நடத்துகிறார்கள்: விடப்பட்ட குஞ்சுகளை எடுத்து வளர்த்து, நீலச்சாம்பல் நிறத்தில் இளம் இறகு வந்ததும் கடலில் விடுவது. அந்தப் பருவத்துப் பறவையை ஊழியர்கள் 'புளூ' என்றே கூப்பிடுகிறார்கள்.

சனி, கால்க் பே

மீன்பிடித் துறைமுகம். படிக்கட்டில் கடல்நாய் ஒன்று படுத்துக்கொண்டு, வெட்டி வீசுகிற குடலுக்குக் காத்திருந்தது. கடைகளில் ஸ்னூக் என்ற நீண்ட மீன்தான் அதிகம். நான் மத்தி எங்கே என்று விசாரித்தேன். இங்கே அதைக் கூறுகட்டி விற்பது குறைவு. பெரிய படகுகள் பிடிப்பது தகர டப்பாவுக்கும் தூண்டில் இரைக்கும் போகிறதாம். நெத்திலியோ ஆலையில் அரைபட்டு மீன்தூளாகி, கோழிக்கும் வளர்ப்பு மீனுக்கும் தீவனமாகிறது. நெத்திலியைத் தூளாக்குகிற ஊரை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை, வறுத்துத் தின்னக்கூடத் தோன்றவில்லை இவர்களுக்கு.

பிடிப்பது எதைக் கொண்டு? மீன்கூட்டத்தைச் சுற்றி வளைத்து அடியைச் சுருக்கி இழுக்கும் சுருக்குமடி வலையால். பெயரைக் கேட்டதும் நமக்குப் பழைய சண்டை ஞாபகம் வரும். தமிழ்நாட்டில் 2000இல் தடை, அது நடைமுறைக்கு வருவதற்குள் ஊருக்கு ஊர் மோதல், 2023 ஜனவரியில் 12 கடல் மைலுக்கு அப்பால் வாரம் இரண்டு நாள் என்று உச்ச நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவு. நம் ஊரில் அது மீனவருக்கும் மீனவருக்கும் இடையிலான வழக்கு. இங்கே எதிர்த்தரப்பில் பென்குயின் நிற்கிறது.

குஞ்சு வைத்திருக்கும் பென்குயினால் கூட்டிலிருந்து சில பத்துக் கிலோமீட்டருக்கு மேல் போய்வர முடியாது. அந்த வட்டத்துக்குள் வலை சுருங்கினால் குஞ்சு பட்டினி. இதோடு, இந்த நூற்றாண்டு தொடங்கிய நேரத்தில் மத்தியும் நெத்திலியும் மேற்குக் கரையை விட்டுக் கிழக்கே நகர்ந்துவிட்டன. தீவு நகராது அல்லவா? 1956இல் முதன்முதலாக எண்ணியபோது சுமார் 1,41,000 ஆப்பிரிக்கப் பென்குயின் ஜோடிகள் இருந்தன. இன்று 10,000 ஜோடிக்கும் கீழே. 2024 அக்டோபரில் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதை மிக அருகிய இனம் என்று அறிவித்தது. இதே வேகத்தில் போனால் 2035 வாக்கில் இயற்கையில் ஒன்றும் மிஞ்சாது என்கிறார்கள். எண்ணெயில் தப்பிய சுமார் 36,000 பறவைகளின் வாரிசுகள் எங்கே போயின என்று நான் திங்கட்கிழமை முதல் கேட்டுக்கொண்டிருந்ததற்குப் பதில் இந்தத் துறைமுகத்தில்தான் இருக்கிறது. எண்ணெய் ஒரு நாளில் வரும், படம் எடுக்கலாம், பன்னிரண்டாயிரம் பேர் ஓடி வருவார்கள். பசியைப் பார்க்க யார் வருவார்கள்?

சான்காப் அதனால்தான் ஒரு மருத்துவமனை செய்ய வேண்டியிராத வேலை ஒன்றைச் செய்தது. 2024 மார்ச்சில், பேர்ட்லைஃப் தென்னாப்பிரிக்கா என்ற அமைப்போடு சேர்ந்து அரசின் மீது வழக்குப் போட்டது. பென்குயின்கள் இரை தேடும் இடங்களில் மீன்பிடிக்கு உருப்படியான தடை வேண்டும் என்பது கோரிக்கை. அதற்கு முன் அரசு அறிவித்திருந்த தடைகள் பென்குயின் போகாத கடலில்தான் இருந்தன என்று அவர்கள் வாதம். 2025 மார்ச்சில் மீன்பிடித் தொழில் சங்கங்களோடு சமரசம் ஏற்பட்டு, பிரிட்டோரியா உயர் நீதிமன்றம் அதை உத்தரவாக்கியது. டாசன், ராபன், ஸ்டோனி பாயின்ட், டயர், செயின்ட் குரோய், பேர்ட் என்ற ஆறு குடியிருப்புகளைச் சுற்றிப் பத்தாண்டுத் தடை. ராபன் தீவைச் சுற்றி 20 கிலோமீட்டர்.

செயின்ட் குரோய் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கிழக்கே அல்கோவா விரிகுடாவில் இருக்கும் இந்தத் தீவுதான் ஒரு காலத்தில் உலகின் மிகப் பெரிய ஆப்பிரிக்கப் பென்குயின் குடியிருப்பு. 2016இல் அந்த விரிகுடாவில் கப்பலிலிருந்து கப்பலுக்கு எரிபொருள் நிரப்பும் தொழில் தொடங்கியது. அன்றிலிருந்து தீவில் பறவைகள் அடுக்கடுக்காகக் குறைந்தன. கப்பல்களின் இரைச்சல்தான் காரணம் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள், எண்ணெயும் அவ்வப்போது கொட்டியிருக்கிறது. அங்கும் சான்காப் ஒரு மையம் நடத்துகிறது. ஆக, கப்பல் முற்றிலும் விடைபெற்றுக்கொள்ளவில்லை.

பத்தாண்டுத் தடை போதுமா? எனக்கு நம்பிக்கை அரைகுறைதான். கிழக்கே போன மீனை எந்த நீதிபதியும் திருப்பி அழைக்க முடியாது. ஆனால் இருக்கிற மீனைப் பறவைக்கு எட்டுகிற தூரத்தில் விட்டுவைக்கச் சொல்லலாம், அதைத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

போக விரும்புகிறவர்களுக்கு: டேபிள் வியூ மையத்தில் வழிகாட்டியோடு சுற்றிப் பார்க்கலாம், முன்பதிவு செய்துகொள்ளுங்கள். நவம்பர் என்றால் குஞ்சுகள் நிறைய இருக்கும், காற்றும் நிறைய அடிக்கும். ராபன் தீவுக்குக் கடைசி நாளில் டிக்கெட் எடுக்காதீர்கள். பழைய துண்டுகளும் போர்வைகளும் இருந்தால் மையத்தில் வாங்கிக்கொள்கிறார்களா என்று கேட்டுவிட்டுக் கொண்டுபோங்கள். மத்தி நைந்தால் பறவை தின்னாது, ஆகவே மீன் வாங்கிக்கொண்டு போக வேண்டாம்.